இரண்டு லிட்டர், நூறு மில்லி: மீனம்பாக்கம் வழி வந்த புட்டிகளின் சட்ட வரலாறு

டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய ஒரு மதுப்புட்டி, சென்னை விமான நிலையத்தைக் கடந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடு ஒன்றின் அலமாரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று அதிகாரங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எத்தனை லிட்டர் என்று கேட்பது மத்திய அரசின் சுங்கத் துறை. எந்தப் பையில், எந்த முத்திரையோடு இருக்கிறது என்று பார்ப்பது விமானப் பாதுகாப்பு. நிலையத்தின் வாசலைத் தாண்டிய பிறகு அது மாநில மதுவிலக்குச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. இம்மூன்றும் ஒரே காலத்தில், ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல. முதலாவது வருவாய் இழப்பைப் பற்றிய கவலையில் பிறந்தது. மற்றொன்று ஒழுக்கத்தைப் பற்றிய கவலையில் பிறந்தது. கடைசியாக வந்தது உயிரச்சத்தில் பிறந்தது. புதியது வந்தபோது பழையதை யாரும் எடுத்துவிடவில்லை. இன்றைய பயணிக்கு விதிகள் புரியாமல் போவதற்கு முதன்மையான காரணம் இந்த அடுக்குதான்.

மூன்றில் மூத்தது சுங்கம். கரையை விட்டு விலகிய கப்பலில் செலவாகும் பொருளுக்கு எந்த நாடும் வரி கேட்பதில்லை என்பது கடல் வணிகத்தின் பழைய வழக்கம். அதை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தது அயர்லாந்து. அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கிய ஷானன் நிலையத்தில், 1947ல் பிரெண்டன் ஓரீகன் உலகின் முதல் டூட்டி ஃப்ரீ கடையைத் தொடங்கினார். இறங்கி நிற்கும் பயணி அயர்லாந்துக்குள் நுழையவில்லை. ஆகவே அவர் வாங்கும் பொருளும் நுழையவில்லை என்பதே அதன் சட்ட அடிப்படை. ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்து எழுந்த யோசனை, பின்னாளில் நிலையங்களின் வரவுக்கே தூணாகும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது. 1983 டிசம்பரில் துபாய் டூட்டி ஃப்ரீ திறக்கப்பட்டபோது அதற்கு வழிகாட்ட அழைக்கப்பட்டவர்களும் ஷானனில் பழகிய அயர்லாந்துக்காரர்களே. தமிழ்நாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் புட்டிகள் பல பின்னர் அந்தக் கடையிலிருந்து வரப்போகின்றன.

வாங்குவதற்குக் கடை இருந்தால் போதாது. இறங்கும் நாடு அதை உள்ளே விட வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான சுங்க வசதிகள் குறித்து 1954ல் நியூயார்க்கில் கையெழுத்தான உடன்படிக்கை அதற்கு ஓர் அளவை எழுதி வைத்தது. 200 சிகரெட் அல்லது 50 சுருட்டு அல்லது 250 கிராம் புகையிலை. வழக்கமான அளவில் ஒரு புட்டி ஒயின், அதோடு கால் லிட்டர் ஸ்பிரிட். கால் லிட்டர் வாசனை நீர், கொஞ்சம் சென்ட். இந்தியச் சுங்க விதிகளில் பல ஆண்டுகள் இருந்த 200, 50, 250 என்ற புகையிலைக் கணக்கு இந்த உடன்படிக்கையின் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. மது மட்டும் நாட்டுக்கு நாடு வேறு அளவானது. அதற்குக் காரணம் உண்டு. புகையிலையைப் பற்றி அன்று அரசுகளுக்கு வரிக் கவலை மட்டுமே இருந்தது. மதுவைப் பற்றியோ வேறு கவலைகளும் இருந்தன.

அந்த வேறு கவலை சென்னை மாகாணத்தில் முன்னதாகவே சட்டமாகிவிட்டிருந்தது. ராஜாஜி பிரதமராக இருந்த சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. போர்க்காலத்தில் தளர்ந்துபோன அத்திட்டத்தை, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு மீட்டெடுத்து, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதற்கும் விரித்தது. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் வழிகாட்டு நெறியாகச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ஆக, கப்பலிலோ விமானத்திலோ ஒரு பயணி ஸ்காட்ச் புட்டியோடு சென்னையில் இறங்கினால் இரண்டு சட்டங்கள் எதிரெதிரே நின்றன. சுங்கம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சுங்க அதிகாரி வரியின்றி விடும் புட்டியை, வாசலில் நிற்கும் மதுவிலக்குப் போலீஸ்காரர் பறிக்கலாமா? இதையொத்த கேள்வி பம்பாய் மாகாணச் சட்டம் தொடர்பாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1951ல் பால்சரா வழக்கில் வந்த தீர்ப்பு, சுங்க எல்லை வழியாக வரும் இறக்குமதி மத்திய அரசின் பாடு என்றும், எல்லையைக் கடந்த பிறகு மதுவை வைத்திருப்பதையும் விற்பதையும் மாநிலம் கட்டுப்படுத்தலாம் என்றும் வழி வகுத்தது. அதே தீர்ப்பு, ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் வாசனைப் பொருள்களையும் வைத்திருப்பதற்கு விதித்திருந்த தடையை ரத்து செய்தது. ஓடிகோலோனையும் சென்ட்டையும் மதுவிலக்குச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது இத்தீர்ப்புதான். சென்ட் புட்டிக்கும் மதுப்புட்டிக்கும் வேறு வேறு அளவுகோல் என்பது அங்கே உறுதிப்பட்டது. சுங்கக் கணக்கிலும் இந்தப் பிரிவு தெளிவாகவே இருக்கிறது: மதுவுக்கு லிட்டர் கணக்கு, சென்ட்டுக்கு அப்படி இல்லை, பயணியின் மற்றப் பொருள்களோடு சேர்த்து ரூபாய் மதிப்பில்தான் கணக்கு.

மது வைத்திருக்க விரும்பியவருக்கு அன்றிருந்த வழி பெர்மிட். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்திய அரசின் சுற்றுலா அலுவலகங்கள் அகில இந்திய மது பெர்மிட் வழங்கின. மதுவிலக்கு மாநிலங்களில் அதைக் காட்டி வாங்கலாம், வைத்திருக்கலாம். உள்ளூர்க்காரருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ கப்பலில் ஊர் திரும்பிய தமிழருக்குப் புட்டி ஒரு வில்லங்கம். சென்ட்டும் தைலமும் துணியும்தான் நிம்மதி. எஸ்.எஸ். ரஜூலா கப்பலிலும், அதற்குப் பின் எம்.வி. சிதம்பரத்திலும் வந்தவர்களின் பெட்டிகளில் கோடாலித் தைலம் தவறாமல் இருந்ததை இந்தச் சட்டப் பின்னணியோடும் பார்க்கலாம். தலைவலி மட்டுமே காரணமாக இருந்திருக்காது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் தீப்பிடித்ததோடு எம்.வி. சிதம்பரத்தின் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது. கிழக்கே போவோர் வருவோர் அனைவரும் அதன்பின் விமானப் பயணிகளானார்கள்.

சுங்கச் சட்டமும் இதற்கிடையில் மாறியிருந்தது. 1878ஆம் ஆண்டுக் கடல் சுங்கச் சட்டத்தின் இடத்தில், கடல், நிலம், ஆகாயம் மூன்றுக்கும் பொதுவான சுங்கச் சட்டம் 1962ல் இயற்றப்பட்டு 1963 பிப்ரவரி 1 முதல் அமலானது. பயணிப் பெட்டியைப் பற்றிய இன்றைய விதிகள் அனைத்துக்கும் தாய் இதுவே. 77ஆம் பிரிவின்படி பயணி தன் பெட்டியில் இருப்பதை அறிவிக்க வேண்டும். 79ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கோ அன்பளிப்புக்கோ கொண்டுவரும் நியாயமான பொருளை வரியின்றி விட அதிகாரிக்கு இடம் கொடுக்கிறது. ‘சொந்த உபயோகம்’ என்பதில்தான் சலுகையின் உயிர் இருக்கிறது. அதே புட்டியை விலைக்கு விற்றால் சலுகை அங்கேயே செத்துப்போகும். அது கடத்தல் பொருள் கணக்கில் சேரும். இந்த எல்லைக்கோடு சென்னையில் எவ்வளவு மங்கலாக இருந்தது என்பதை, பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையம் அருகே 1969ல் தோன்றிய பர்மா பஜாரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் சென்ட்டுக்கும் ‘ஃபாரின்’ சாமான்களுக்கும் நகரம் முழுவதும் அங்கேதான் போனது.

விமான நிலையமும் இந்த ஆண்டுகளில் வளர்ந்தது. டாடாவின் தபால் விமானம் 1932 அக்டோபரில் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்த காலத்திலிருந்து, மீனம்பாக்கம் பழைய முனையத்தில் சில வெளிநாட்டு விமானங்கள் இறங்கிய காலம் வரை, சுங்க மேசை என்பது உண்மையிலேயே ஒரு மேசைதான். 1972ல் பம்பாய், கல்கத்தா, டெல்லி, சென்னை ஆகிய நான்கு நிலையங்களும் இந்தியப் பன்னாட்டு விமான நிலைய ஆணையத்தின் கீழ் வந்தன. 1966ல் தொடங்கிய இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நாட்டின் விமான நிலையங்களில் டூட்டி ஃப்ரீ கடைகளை நடத்தியது. அன்னியச் செலாவணிக்கு நாடு தவித்த அந்நாளில், வெளிநாட்டாரின் டாலர் நாட்டிலேயே தங்க வேண்டும் என்பது இக்கடைகளின் பெரிய நோக்கம். இந்தியப் பயணியின் வசதி அதற்குப் பின்னால்தான்.

இந்தியப் பயணி என்பவர் யார் என்பதும் இந்த ஆண்டுகளில்தான் மாறியது. 1973ன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு வளைகுடா நாடுகள் கட்டடம், சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் என்று எழுப்பத் தொடங்கின. அவற்றுக்கு ஃபிட்டர், வெல்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் தேவைப்பட்டனர். சென்னையின் மேற்குப் புறம் அப்படிப்பட்ட கைகளால் நிறைந்த பகுதி. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், டன்லப், 1960களில் எழுந்த தொழிற்பேட்டை. ஆவடியில் விஜயந்தா டாங்கியைச் செய்த கனரக வாகனத் தொழிற்சாலை. ஐடிஐ சான்றிதழோடு பாஸ்போர்ட்டும் வைத்திருந்தால் வாழ்க்கை திசை மாறும் என்பதை அப்பகுதிக் குடும்பங்கள் விரைவாகவே புரிந்துகொண்டன. பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர், பல்லாவரம் வழியாகவோ, போரூர், கத்திப்பாரா வழியாகவோ மீனம்பாக்கம் போகும் பாதை, வழியனுப்பவும் அழைத்துவரவும் வாடகைக் கார்கள் ஓடிய பாதையானது. ஊர் திரும்புபவர் கொண்டுவர வேண்டியவற்றுக்கு எழுதப்படாத பட்டியல் ஒன்று இருந்தது: டேப் ரெக்கார்டர், சேலை, சென்ட், தைலம், மாமனாருக்கோ மேஸ்திரிக்கோ ஒரு புட்டி.

அந்த ஒரு புட்டியின் மதிப்பைத் தீர்மானித்ததில் தமிழக அரசியலுக்கும் பங்குண்டு. கருணாநிதி அரசு 1971 ஆகஸ்டில் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1974ல் மீண்டும் கொண்டுவந்தது. 1981ல் எம்.ஜி.ஆர். அரசு தளர்த்தியது. 1983ல் டாஸ்மாக் நிறுவப்பட்டு மொத்த வியாபாரத்தைக் கையில் எடுத்தது. 2003ல் சில்லறைக் கடைகளும் அதன் வசமாயின. மது கிடைப்பது எளிதான பின்னும் வெளிநாட்டுப் புட்டிக்கு மவுசு குறையவில்லை. காரணம் வரி. இறக்குமதி மதுவுக்கு அடிப்படைச் சுங்கம் நீண்டகாலம் 150 விழுக்காடாக இருந்தது. அதன் மேல் மாநில வரிகள் தனி. வரியில்லாப் புட்டிக்கும் கடைப் புட்டிக்கும் இருந்த இந்த இடைவெளிதான் ரெட் லேபிளையும் பிளாக் லேபிளையும் பரிசுப் பொருளாக்கியது.

சலுகையின் அளவை 1998ஆம் ஆண்டுப் பயணப்பெட்டி விதிகள் ஒழுங்குபடுத்தின. 2016 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்தன. மது அளவு அதற்கு முன்பே 1 லிட்டரிலிருந்து 2 லிட்டராகியிருந்தது. சிகரெட் மாறாக, 2014லேயே 200 என்பது 100 ஆகச் சுருங்கியிருந்தது. மதுவுக்கு விதியில் உள்ள சொல், மதுவும் ஒயினும் சேர்ந்து 2 லிட்டர் என்பதே. விஸ்கி இரண்டு லிட்டர், அதன்மேல் ஒயின் தனியாக ஒரு புட்டி என்று வாதாட இடமில்லை. டூட்டி ஃப்ரீ கடைகளில் மது பெரும்பாலும் 1 லிட்டர் புட்டியில் விற்கப்படுவதால் கணக்கு இரண்டு புட்டியோடு நேராக முடிந்துவிடுகிறது. வெளிக்கடையில் 750 மில்லி புட்டி வாங்குபவர் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மூன்றாவது கால் லிட்டர் அதிகமாகிவிடும். ஒருவரின் சலுகையை இன்னொருவரின் சலுகையோடு சேர்த்துக்கொள்ள விதி அனுமதிப்பதில்லை. கணவன் மனைவி இருவருக்குமாக ஒருவர் பெட்டியில் நான்கு லிட்டர் வைத்துவிட்டு, அறிவிக்க எதுவும் இல்லாதவருக்கான பச்சை வழியில் நடந்தால் கேள்வி வரும். அளவுக்கு மேற்பட்ட மதுவுக்குப் பெட்டிப் பொருள்களுக்குரிய பொதுவான குறைந்த வரி பொருந்தாது. மதுவுக்குரிய முழு வரியும் விழும். விதிகளின் இணைப்பில் மது, துப்பாக்கி, தோட்டா, சிகரெட்டு எல்லாம் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால், எழுதியவர்கள் இவற்றை எந்த வரிசையில் வைத்திருந்தார்கள் என்பது விளங்கும்.

இந்தியாவில் இறங்கிய பிறகும், பெட்டி எடுக்கும் இடத்தருகே டூட்டி ஃப்ரீ கடை உண்டு. பல நாடுகளில் இது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1999 ஜூலையில் தன் உறுப்பு நாடுகளுக்குள் பறப்பவர்களுக்கு டூட்டி ஃப்ரீ விற்பனையையே நிறுத்திவிட்டது. வருகைக் கடையின் நியாயம் எளிது. சுங்கக் கோட்டுக்கு முன்னால் நிற்கும் பயணி சட்டப்படி இன்னும் வெளியே இருக்கிறார். அவர் எப்படியும் துபாயிலோ சிங்கப்பூரிலோ செலவழிக்கப்போகும் பணம் இங்கே செலவாகட்டும். ஆனால் அளவு ஒன்றே. வெளிநாட்டில் வாங்கியதும் வருகைக் கடையில் வாங்கியதும் சேர்ந்துதான் 2 லிட்டர். இதில் பயணிக்கு ஒரு நன்மையும் உண்டு: வருகைக் கடையில் வாங்கும் புட்டி நடுவழிப் பாதுகாப்புச் சோதனை எதையும் கடக்க வேண்டியதில்லை. அந்த நன்மையின் அருமை 2006க்குப் பிறகே தெரிந்தது.

பாதுகாப்பின் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னைக்கு அதில் கசப்பான இடம் உண்டு. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் இரண்டு பெட்டிகள் வெடித்து 33 பேர் இறந்தனர். கொழும்பு விமானத்தைக் குறிவைத்து வந்த அந்தப் பெட்டிகள், உரியவர் விமானம் ஏறாததால் சுங்கப் பகுதியில் கிடந்தன. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும், பெட்டிக்குள் கடத்தல் தங்கம் இருக்கலாம் என்ற ஐயத்தில் காலம் கடந்தது என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. சுங்கக் கண்ணுக்குப் பெட்டி என்றால் வரி ஏய்ப்பு. அதே பெட்டியை உயிருக்கு ஆபத்து என்று பார்க்க வேறொரு கண் வேண்டும் என்பதை இந்நகரம் அன்று விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. நாட்டின் விமானப் பாதுகாப்புக்குத் தனி அமைப்பாகச் செயல்படும் பிசிஏஎஸ் விதிகளை வகுக்கிறது. காந்தகார் விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000 முதல் நிலையங்களில் சோதனை செய்யும் பொறுப்பு சிஐஎஸ்எஃப் படையின் கைக்குப் படிப்படியாக வந்தது.

திரவத்தையே ஆயுதமாக்கலாம் என்பது 1987 நவம்பர் 29ல் வெளிப்பட்டது. பாக்தாத்திலிருந்து அபுதாபி, பாங்காக் வழியாகச் சியோல் போன கொரியன் ஏர் 858 விமானம் அந்தமான் கடலின் மேல் வெடித்து 115 பேரும் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்காசியாவில் கட்டட வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தென்கொரியத் தொழிலாளர்கள். வடகொரிய உளவாளிகள் இருவர் ஒரு ரேடியோவையும் ஒரு மதுப்புட்டியையும் இருக்கைக்கு மேல் வைத்துவிட்டு அபுதாபியில் இறங்கிப்போயிருந்தனர். புட்டிக்குள் இருந்தது திரவ வெடிபொருள். விமானப் பயணியின் கையில் மதுப்புட்டி இருப்பது யாருக்கும் சந்தேகம் தராது. 1994 டிசம்பரில் பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில் கான்டாக்ட் லென்ஸ் திரவப் புட்டியில் நைட்ரோகிளிசரின் கொண்டுவரப்பட்டு, ஒருவர் உயிரிழந்தார். இவ்வளவுக்குப் பிறகும் திரவங்களுக்குப் பொது விதி ஏதும் வரவில்லை.

விதி வந்தது, நடக்காத ஒரு தாக்குதலால். 2006 ஆகஸ்டில், லண்டன் ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பறக்கும் பல விமானங்களை ஒரே சமயத்தில் தகர்க்கத் திட்டமிட்டவர்களைப் பிரிட்டன் போலீஸ் பிடித்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை அரை லிட்டர் குளிர்பானப் புட்டிகளில் கொண்டுபோவது திட்டம். இதில் நுட்பமான சங்கதி, மூடியைத் திறக்காமலே காரியம் செய்ய நினைத்ததுதான். புட்டியின் அடியில் ஊசி போட்டுப் பானத்தை உறிஞ்சிவிட்டு, கலவையை ஏற்றி, ஓட்டையை அடைப்பார்கள். மூடியின் முத்திரை அப்படியே இருக்கும். கடையில் வாங்கிய புட்டி, சீல் உடையவில்லை என்று பயணி சொல்லும் சமாதானம் அன்றோடு செல்லாக்காசானது.

ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டன் கைப்பையில் எந்தத் திரவமும் கூடாது என்றது. அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவும், நவம்பர் 6 முதல் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு நடுவழிக்கு வந்தன: ஒவ்வொரு கலனும் 100 மில்லிக்கு மேற்படாமல், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் கொள்ளும் ஒரே தெளிவான பையில் அடங்க வேண்டும். 2007 மார்ச் முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ இதையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. கணக்கில் வருவது புட்டியின் கொள்ளளவு. உள்ளே மீதியிருக்கும் அளவு கணக்கில்லை. 200 மில்லி புட்டியின் அடியில் ஒரு மடக்கு இருந்தாலும் அது 200 மில்லிதான். கோடாலித் தைலத்தின் பெரிய புட்டியே 56 மில்லி என்பதால் சிங்கப்பூர்த் தைலம் இந்தச் சட்டத்துக்குத் தப்பியது.

டூட்டி ஃப்ரீ கடைகளுக்கு இது பேரிடி. அவை விற்பதில் பெரும்பகுதி 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம். பாதுகாப்புச் சோதனைக்குப் பின்னால் இருக்கும் கடையில் வாங்கி நேரே விமானம் ஏறுபவருக்குச் சிக்கலில்லை. கடைக்கு வரும் சரக்கே சோதிக்கப்பட்டு வருகிறது. நடுவில் இன்னொரு நிலையத்தில் மாறுபவர்தான் மாட்டிக்கொண்டார். அவருக்காக ஐசிஏஓ வகுத்ததே ‘ஸ்டெப்’ எனப்படும் முத்திரைப் பை. தெளிவான பிளாஸ்டிக், சிவப்பு விளிம்பு, ஒருமுறை ஒட்டினால் பிரித்த தடயம் தெரியாமல் திறக்க முடியாத வாய், வெளியே தெரியும்படி உள்ளே ரசீது. புட்டியின் மூடியை நம்ப முடியாதென்று ஆனபின், நம்பிக்கை பைக்கு மாற்றப்பட்டது. கடைசி ஊர் சேரும் வரை பிரிக்கக் கூடாது என்று பையிலேயே அச்சிட்டிருக்கும்.

பை இருந்தும் பல ஆண்டுகள் பயனில்லாமல் இருந்தது. ஒரு நாட்டின் கடையையும் அதன் சரக்கு வரும் வழியையும் இன்னொரு நாடு நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் முதலில் சிங்கப்பூர் போன்ற வெகு சில இடங்களுக்கே தந்தது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போய் வேறு விமானம் மாறியவர்களின் புட்டிகள், முத்திரைப் பையில் இருந்தும், அங்கே தொட்டியில் விழுந்தன. 2014 ஜனவரி 31 முதல் நிலைமை மாறியது. திரவத்தைச் சோதிக்கும் கருவிகள் வந்ததால், எந்த நாட்டுக் கடையின் முத்திரைப் பையையும் சோதித்து விட ஐரோப்பா ஒப்புக்கொண்டது. 36 மணி நேரத்துக்குள் வாங்கிய ரசீது வேண்டும். அமெரிக்காவுக்கு வருபவர்களுக்கும் இதே போன்ற சலுகை 48 மணி நேரக் கெடுவோடு உண்டு. அமெரிக்காவில் ஒரு கூடுதல் வழியும் இருக்கிறது: முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருப்பதால், புட்டியை அப்போதே பெட்டிக்குள் வைத்துவிடலாம். டெல்லியிலோ மும்பையிலோ இறங்கி உள்நாட்டு விமானத்தில் சென்னை வருபவர்களில் பலர் செய்வதும் இதுதான்.

பெட்டிக்குள் வைப்பதற்கும் ஓர் அளவு உண்டு. அது வரியோடோ வெடிகுண்டோடோ தொடர்பில்லாதது, தீயோடு தொடர்புடையது. ஆல்கஹால் 24 விழுக்காட்டுக்கு உட்பட்ட பீர், ஒயின் வகைக்கு இந்த விதியில் கட்டுப்பாடில்லை. 24க்கு மேல் 70 வரை உள்ள மது, கடைப் புட்டியில் பிரிக்காமல் ஒருவருக்கு 5 லிட்டர் வரை. 70க்கு மேற்பட்டது விமானத்தில் ஏறவே கூடாது. 5 லிட்டர் போகலாம் என்று விமான நிறுவனம் சொல்வதைக் கேட்டு, இறங்கும் நாட்டுச் சுங்கமும் 5 லிட்டர் விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியா விடுவது 2. 2019 ஏப்ரல் முதல் சிங்கப்பூரும் 3 லிட்டரை 2 ஆகக் குறைத்துவிட்டது. சவுதி அரேபியாவும் குவைத்தும் சாதாரணப் பயணியின் பெட்டியில் ஒரு துளியும் விடுவதில்லை.

நூறு மில்லி விதி மதுவைக் குறிவைத்துப் பிறந்ததல்ல என்பதால் நெய், தேன், ஊறுகாய், நல்லெண்ணெய் எல்லாம் அதில் அகப்பட்டன. ஊரிலிருந்து பிள்ளைகளுக்கு எடுத்துப்போகும் பொருள்களில் பாதி, சோதனை மேசையில் திரவமாகவோ கூழாகவோ மாறிவிடுகிறது. சில இடங்களில் வழக்கத்துக்கு விதி விட்டுக்கொடுத்திருக்கிறது. நெய் நிரப்பிய தேங்காயோடு கூடிய இருமுடியை ஐயப்ப பக்தர்கள் கையிலேயே கொண்டுபோக 2022 நவம்பரில் பிசிஏஎஸ் அனுமதித்தது; மண்டல, மகரவிளக்குக் காலத்துக்கு மட்டும், முழுச் சோதனைக்குப் பிறகு. 2024லும் அவ்வாறே அனுமதி வந்தது. ஹஜ் பயணிகளின் ஜம்ஜம் நீர் 5 லிட்டர் கேனில், தனியாகக் கட்டப்பட்டு, சரக்குப் பகுதியில் வருகிறது. நெய்த்தேங்காய் கையில், ஜம்ஜம் சரக்கறையில் என்று வழிகள் வேறானாலும், இரண்டிலும் பொது விதியை மாற்றாமல் பருவத்துக்கும் பயணிக்கும் ஏற்பத் தனி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது.

புட்டி கடைசியாகச் சேர்வது மாநிலத்தின் கைக்கு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலில் உள்ள 1937ஆம் ஆண்டுச் சட்டமே. டாஸ்மாக் நடப்பதும் அதன் விதிகளின் கீழ்தான். ஒருவர் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு அச்சட்டத்தின் கீழ் தனி அளவுகள் உள்ளன. சுங்கச் சலுகை 2 லிட்டர்தான் என்பதால் ஒரு பயணத்தில் அந்த எல்லை இடிப்பதில்லை. பலர் கொண்டுவந்ததை ஒரே வீட்டில் சேர்த்து வைத்தால் அது வேறு வழக்கு. ரசீதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது, மதுரவாயல் புறவழிச்சாலையில் இரவு வாகனச் சோதனையில் நிற்கும்போது உதவும்.

பாதுகாப்பு விதி மட்டும் இப்போது நகரத் தொடங்கியிருக்கிறது. மருத்துவமனை சிடி ஸ்கேன் போல முப்பரிமாணத்தில் பார்க்கும் கருவிகள், புட்டிக்குள் இருப்பது என்ன என்பதையே பெருமளவுக்குப் பிரித்துச் சொல்கின்றன. அவற்றை நம்பிச் சில ஐரோப்பிய நிலையங்கள் 100 மில்லி வரம்பைத் தளர்த்தின. 2024 செப்டம்பர் 1 அன்று ஐரோப்பிய ஒன்றியம் அதே வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் ஒரு வகைக் கருவிக்கு ஒப்புதல் தந்து மறுபடி வழிவிட்டது. இதனால் வரம்பு என்பது நாட்டுக்கு நாடு என்பதிலிருந்து நிலையத்துக்கு நிலையம், சில இடங்களில் ஒரே நிலையத்தின் முனையத்துக்கு முனையம் மாறுவதாகிவிட்டது. விமானம் மாறும் பயணி எந்தக் கருவியின் முன் நிற்கப்போகிறார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. ஆகவே மீனம்பாக்கத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும், வாங்கும் புட்டி இன்றும் சிவப்பு விளிம்புப் பைக்குள் ஒட்டப்பட்டே கைக்கு வருகிறது.